பிரியும்போது எந்தச் சொத்து யாருக்கு? நகை, வீடு, மனை, கடன்: முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகளுக்கு ஆவணம் சேர்த்து, பட்டியல் போட்டு, மனுவோடு இணைத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. வருகிறவர்களில் பலருக்கு நியாயம் கையில் இருக்கிறது, வரிசைதான் தவறிப்போகிறது. முதலில் சண்டை, அப்புறம் ஸ்டேஷன், அப்புறம் ஊரில் பேச்சுவார்த்தை, அங்கே ஒரு கையெழுத்து, எல்லாம் முடிந்த பிறகு பத்திரம் எங்கே, ரசீது எங்கே என்று தேடுகிறார்கள். இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் பெண்கள் பக்கம் நின்று எழுதுகிறேன், ஏனென்றால் காகிதம் கையில் இல்லாமல் வருவது அவர்கள்தான். ஆண்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. கல்யாணம் ஆனதால் மட்டும் சொத்து பொதுவாகிவிடாது

“பிரிஞ்சா பாதி சொத்து எனக்கு வரும்லா?” என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. கோவாவைத் தவிர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. கணவன் பெயரில் உள்ளது கணவனுடையது, மனைவி பெயரில் உள்ளது மனைவியுடையது. இதில் தொடங்கித்தான் மற்ற எல்லாக் கேள்விக்கும் போக வேண்டும்.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டில் எல்லாச் சொத்தையும் பிரித்து எழுதுவது. மனைவிக்குக் கல்யாணத்தை ஒட்டியும் அதன் பின்னும் வந்த நகை, சீர், பணம் ஒரு பக்கம். இரண்டு பேர் பெயரிலும் உள்ளது ஒரு பக்கம். ஒருவர் பெயரில் இருந்தாலும் மற்றவர் பணம் போனது ஒரு பக்கம். மாமனார் மாமியார் பெயரில் உள்ளது ஒரு பக்கம். கணவனுடைய பூர்வீகச் சொத்தைத் தனியாக எழுதி அதன்மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கணவன் உயிரோடு இருக்கும்வரை அதில் மனைவி பங்கு கேட்க முடியாது. பிள்ளைகளுக்கு அதில் உள்ள உரிமை வேறு விஷயம், தாய் தகப்பன் பிரிவதால் அது போகாது.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்க வேண்டிய சட்டப்பிரிவும் காட்ட வேண்டிய ஆதாரமும் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து “எனக்குச் சேர வேண்டியதைத் தாருங்கள்” என்று எழுதிய மனு வலுவாக நிற்காது.

பெண்ணுக்குத் தன் தகப்பன் வழியில் வந்த சொத்து முழுக்க அவளுடையது, கணவனுக்கு அதில் ஒரு சென்ட் கூடக் கிடையாது. இதையும் அந்த நோட்டில் எழுதி வையுங்கள், பேச்சுவார்த்தையில் இதையும் சேர்த்துப் பேசப் பார்ப்பார்கள்.

2. உங்கள் கல்யாணம் எந்தச் சட்டத்தில் நடந்தது என்று பாருங்கள்

நம் பக்கத்தில் ஒரே தெருவில் மூன்று மதக்காரர்களும் இருப்பார்கள், பக்கத்து வீட்டு வழக்கைப் பார்த்துத் தன் வழக்கைத் தீர்மானிக்கிற தப்பு அதனாலேயே நடக்கிறது.

இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். சுயமரியாதைத் திருமணமும் 1967-இல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி (7ஏ பிரிவு) இதில்தான் அடங்கும். கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றி விவாகரத்துத் தீர்ப்பிலேயே உத்தரவு போட 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். முஸ்லிம் பெண்களுக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. மஹர் தொகையும், நிக்காஹ்வுக்கு முன்னும் அப்போதும் பின்னும் அவளுக்குக் கொடுக்கப்பட்ட பொருள்களும் திரும்ப வர வேண்டும் என்று அது சொல்கிறது, மாஜிஸ்திரேட்டிடமே கேட்கலாம்.

எந்த மதமானாலும் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொது. ஜீவனாம்சம் கேட்கிற பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144-ஆம் பிரிவும் (பழைய சட்டத்தில் 125) பொது.

3. வீட்டைவிட்டு இறங்கும் முன் காகிதங்களைச் சேருங்கள்

உயிருக்கு ஆபத்து என்றால் எதையும் பார்க்காமல் கிளம்புங்கள், காகிதத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அப்படி இல்லையென்றால் கிளம்புவதற்கு முன்பே போன் கேமராவில் எடுத்துவிடுங்கள். பிரிந்த பிறகு அந்த அலமாரியை யாரும் திறந்து காட்ட மாட்டார்கள்.

எடுக்க வேண்டியவை: கல்யாணப் பத்திரிகை, திருமணப் பதிவுச் சான்று, நகைக் கடை ரசீதுகள், நகை அடகு வைத்த ரசீதுகள், கிரயப் பத்திரங்களின் எல்லாப் பக்கமும் (முதல் பக்கம் மட்டும் போதாது, சொத்து விவரம் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும்), வீட்டுக் கடன் கணக்கு அறிக்கை, இருவரின் பாஸ்புக், எல்ஐசி பத்திரம், லாக்கர் எண், வண்டியின் ஆர்சி. கணவரின் சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தாலும் நல்லது.

பத்திரம் கைக்குக் கிடைக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். அசையாச் சொத்துப் பதிவுகளை யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. சர்வே எண்ணும் ஊரும் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்து, பத்திர எண்ணைக் குறித்து, சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம், கணவனின் சம்மதம் தேவையில்லை. வில்லங்கத்தைக் கல்யாணத்துக்கு ஓரிரு ஆண்டு முன்பிலிருந்து இன்றைய தேதிவரை போடுங்கள். கல்யாணத்துக்கு முன் வாங்கியதா, பின் வாங்கியதா, நடுவில் வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்களா, போன மாதம் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டார்களா, எல்லாம் அதில் தெரியும்.

பட்டாவையும் வீட்டுத் தீர்வை ரசீதையும் கொண்டுவந்து “வீடு என் பேர்லதான் இருக்கு” என்று சொல்கிறவர்கள் உண்டு. உரிமையைக் காட்டுவது பதிவான பத்திரம். பட்டாவும் தீர்வையும் மின் இணைப்பும் துணை ஆதாரம் மட்டுமே.

4. நகைப் பட்டியல்: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

நம் பக்கத்துக் குடும்பங்களில் பெண்ணுக்குப் போகிற பெரிய சொத்து நகைதான். அதற்கு ஒரு பத்திரமும் இருப்பதில்லை என்பதால் மிக எளிதாக மறுக்கப்படுவதும் அதுதான்.

சட்டம் இதில் தெளிவு. கல்யாணத்துக்கு முன்னும் அப்போதும் பின்னும் பெண்ணுக்கு யார் கொடுத்தாலும், பிறந்த வீடோ, புகுந்த வீடோ, சித்தி மாமாவோ, அது ஸ்திரீதனம், அவளுடைய முழுச் சொத்து. கணவனோ மாமியாரோ அதை வைத்திருந்தால் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது. 2024-இல் கேரளப் பெண் ஒருவரின் 89 பவுன் நகை வழக்கில், ஸ்திரீதனம் கணவன் மனைவி இருவரின் கூட்டுச் சொத்து அல்ல, அவசரத்துக்குக் கணவன் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை உண்டு என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. நகையைக் கேட்கிற உரிமை வழக்கில் கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எந்தப் பக்கம் நம்பத்தகுந்ததாக இருக்கிறது என்று பார்த்தால் போதும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

வரதட்சணை என்று மாப்பிள்ளை வீட்டார் கையில் கொடுத்ததும் அவளுக்கே சேர வேண்டும். வாங்கியவர் 3 மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு.

ஆக, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, நீங்கள் காட்ட வேண்டியது “இந்த நகை இருந்தது” என்பதை. “100 பவுன் போட்டோம்” என்று ஒரே வரியில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற முதல் கேள்வியே “என்னென்ன நகை?” என்பதுதான், கூண்டில் நிற்கிற பெண் அங்கே திணறிப்போவாள்.

இப்படிச் செய்யுங்கள். கல்யாண ஆல்பத்தை எடுத்து, முகூர்த்தத்தில் மணமேடையில் இருக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்திலிருந்து தொடங்குங்கள்: ஒட்டியபடி ஒரு அட்டிகை, அதற்குக் கீழே நெக்லஸ், அதற்கும் கீழே ஆரம், அப்புறம் தாலிச்செயின். பிறகு காது, கை, இடுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: நகையின் பெயர், ஏறக்குறைய எத்தனை பவுன், யார் போட்டது, எந்தக் கடையில் எப்போது வாங்கியது, ரசீது இருக்கிறதா, எந்தப் படத்தில் தெரிகிறது, கடைசியாக யார் கையில் இருந்தது. கடைசிப் பத்திதான் முக்கியம், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். “வளைகாப்பு முடிந்ததும் மாமியார் வாங்கி பீரோவில் வைத்தார்” என்று எழுத முடிந்தால் அது யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

ரசீது இல்லையென்றால் வாங்கின கடையில் பழைய பில்லின் நகல் கேளுங்கள். அம்மா பழைய நகையை அழித்துச் செய்தது என்றால் ஆசாரியும் அம்மாவும் சாட்சி. நகை வாங்க அப்பா வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் வாங்கியிருந்தால் அந்தக் கணக்கு அறிக்கை நல்ல ஆதாரம், தேதியும் தொகையும் கல்யாணத்தோடு பொருந்தும்.

“அண்ணாச்சி, வீடு கட்டுதப்போ நகையெல்லாம் பேங்குல வச்சிட்டோம், திருப்பவே இல்ல” என்று சொல்லாத ஆள் இல்லை. அடகு யார் பெயரில், கடன் தொகை யார் கணக்குக்குப் போனது, ஏலம் போனதா, திருப்பினார்களா என்று வங்கி அறிக்கையில் இருக்கும், வாங்கிவிடுங்கள். உங்கள் பெயரிலேயே அடகு வைத்து, பணம் அன்றைக்கே கணவர் கணக்குக்கோ கட்டட ஒப்பந்தக்காரருக்கோ போயிருந்தால், அந்த இரண்டு வரிதான் உங்கள் வழக்கு.

ஆல்பம், வீடியோ, வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். பென்டிரைவில் போட்டுத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் (2023) 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றும் சேர்க்க வேண்டும், அது இல்லையென்றால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

5. வீடு, மனை: பெயரைப் பாருங்கள், அப்புறம் பணத்தைப் பாருங்கள்

இருவர் பெயரிலும் இருந்தால் வேலை எளிது. பத்திரத்தில் பங்கு குறிப்பிடாவிட்டால் பொதுவாகச் சரிபாதி என்றே எடுத்துக்கொள்வார்கள், அதிகம் போட்டவர் அதை நிரூபிக்க வேண்டும்.

ஒருவர் பெயரில் இருந்து மற்றவர் பணம் போட்டிருந்தால் பினாமி என்று பயமுறுத்துவார்கள். தெரிந்த வருமானத்திலிருந்து கணவனோ மனைவியோ மற்றவர் பெயரில் வாங்கியது பினாமி ஆகாது என்று சட்டமே விலக்கு தருகிறது. ஆனால் பணம் போட்டதாலேயே சொத்து கைக்கு வந்துவிடாது. பணம் கொடுத்ததையும், பரிசாகக் கொடுக்கவில்லை என்பதையும் கேட்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்த இடத்தில் கணவன்மாரும் நிறையத் தடுமாறுகிறார்கள்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் தங்களுக்கு வருமானமே இல்லை என்பதுபோல் வந்து உட்காருவார்கள். “சும்மா பீடிதான் சுத்துதேன்” என்பார்கள். கம்பெனி பாஸ்புத்தகமும் பி.எஃப். கணக்கும் இருந்தால் அது எழுத்தில் உள்ள வருமானம். மகளிர் குழுவில் கடன் வாங்கி மனைக்குக் கட்டியிருந்தால் குழுவின் பதிவேடும் ஆதாரம். கேட்டு வாங்குங்கள்.

வேலைக்கே போகாத பெண்களுக்கு: 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கண்ணையன் நாயுடு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டதும் சொத்து சேர்ந்ததில் ஒரு பங்களிப்புதான், அவர் சமபங்குக்கு உரியவர் என்று சொன்னது. வளைகுடாவில் கணவர், ஊரில் மனைவி என்று இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய துணை. ஆனால் இது ஒரு வழக்கின் தீர்ப்பு, எல்லா வீட்டுக்கும் பாதி என்ற சட்டம் அல்ல. பணம் எப்போது வந்தது, வீட்டை யார் நடத்தினார்கள், எதைச் சேமித்து எதை வாங்கினார்கள் என்று உங்கள் கதையை ஆதாரத்தோடு காட்டினால்தான் இதைத் துணைக்குக் கூப்பிட முடியும்.

6. மாமனார் நிலத்தில் கட்டிய வீடு

இதுதான் மனசுக்குக் கஷ்டமான வகை. நிலம் மாமனார் பெயரில், கணவர் துபாயிலிருந்து அனுப்பிய பணம் மாமியார் கணக்கில், மனைவியின் நகை வங்கியில், வீடு எழும்பி நிற்கிறது, மனைவி பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நிலம் யாருடையதோ, அதன்மேல் எழும்பிய கட்டடமும் அவர்களுடையது என்றுதான் வாதம் வரும்.

இங்கே வீட்டில் பங்கு கேட்டு வருடக்கணக்காக வாய்தாவுக்கு அலைவதைவிட, போன நகையையும் பணத்தையும் கேட்பதே பெரும்பாலும் பலன் தரும் என்பது என் அனுபவம். ஸ்திரீதனம் என்ற உரிமை நிலப் பத்திரத்தைப் பொறுத்தது அல்ல.

இன்னும் வீடு கட்டாதவர்களுக்கு ஒன்று: நகையைக் கொடுக்கும் முன் மனையை உங்கள் இருவர் பெயருக்கும் செட்டில்மென்ட் (விலை இல்லாமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்குங்கள். குடும்பத்துக்குள் கேட்பது சங்கடம்தான், இருந்தாலும் கேளுங்கள்.

7. குடியிருக்கும் உரிமையும் விற்காமல் தடுப்பதும்

சொந்தம் வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, “வீடு மாமனார் பேர்ல இருக்கு, நாம எப்படி இருக்க முடியும்” என்று தாமாகவே இறங்கிவிடுகிறார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17, 19 பிரிவுகளில், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. அந்த வீடு கணவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை, மாமனார் வீடாகவும் இருக்கலாம் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மட்டும் மருமகளை வெளியேற்றிவிட முடியாது என்றும் அதே ஆண்டு வனிதா வழக்கில் சொன்னது.

இந்த மனுவை 12-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போட வேண்டும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமும் போடலாம். அதே மனுவில் 18-ஆம் பிரிவுப்படி சொத்தை விற்காமலும், லாக்கரைத் திறக்காமலும், கணக்கிலிருந்து எடுக்காமலும் தடுக்கக் கேளுங்கள், 19(8)-இல் நகையைத் திரும்பக் கேளுங்கள். வீட்டில் இருக்கிற உரிமையை மட்டும் கேட்டு மற்றதை விடுவது நான் அடிக்கடி பார்க்கிற தவறு.

தடை உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் வங்கியிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். உத்தரவு உங்கள் பையிலேயே இருந்தால் சார்பதிவாளருக்கு அது தெரிய வழியில்லை. உத்தரவு இல்லாமல் வெறும் ஆட்சேபனை மனு கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அதை வைத்துப் பதிவை நிறுத்திவிட முடியும் என்று நம்ப முடியாது.

8. ஊர்ப் பேச்சுவார்த்தையில் கையெழுத்துப் போடும் முன்

பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதை வேண்டாம் என்று சொல்லவில்லை, பல விஷயம் அங்கே சுமுகமாக முடியும். ஆனால் 20 ரூபாய் முத்திரைத்தாளில் “இன்று முதல் எங்களுக்குள் எந்த உறவும் இல்லை” என்று எழுதுவது விவாகரத்து ஆகாது. அந்தச் சமூகத்தில் அப்படித் தீர்த்துவிடும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததை நிரூபித்தால் மட்டும் இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றும், அதை நிரூபிப்பது லேசு இல்லை. அந்தத் தாளை நம்பி மறுகல்யாணம் செய்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அதைவிட ஆபத்து இன்னொரு வரியில் இருக்கிறது: “எனக்குச் சேர வேண்டிய நகை, பாத்திரம், சீர் சாமான்கள் அனைத்தையும் குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன், இனி எவ்வித பாத்தியதையும் இல்லை.” கட்டில், பீரோ, குத்துவிளக்கு, பாத்திரம் வண்டியில் ஏறியிருக்கும், நகை ஏறியிருக்காது, கையெழுத்து மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்ந்து போய்விடும். பின்னால் நகை கேட்டு வழக்குப் போட்டால் இந்தத் தாள்தான் முதல் ஆவணமாக எதிரே வரும்.

வாங்கியதை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள், வராததை “இன்னும் வர வேண்டியவை” என்று கீழே எழுதுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாமானையும் அன்று எடுக்க வேண்டாம். மகளிர் காவல் நிலையத்தில் எழுதித் தரச் சொன்னாலும் இதே கவனம் வேண்டும். மனுக் கொடுத்தால் ஏற்புச் சான்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

9. எங்கே போவது, எதைக் கேட்பது

கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கும் குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் (1984-ஆம் ஆண்டுச் சட்டம், 7-ஆம் பிரிவு). அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராத ஊர் என்றால் சார்பு நீதிமன்றம். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது, பழைய நினைப்பில் பாளையங்கோட்டைக்கு வந்து திரும்பாமல் முதலில் எல்லையை விசாரித்துக்கொள்ளுங்கள். இந்து திருமணச் சட்டத்தில் மனைவி தான் இப்போது குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். கல்யாணம் சென்னையில் நடந்து, இப்போது களக்காட்டில் அம்மா வீட்டில் இருந்தால் சென்னைக்குப் போக வேண்டாம்.

பொதுப் பொருள்களுக்கான இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுக் கோரிக்கையை விவாகரத்து வழக்கிலேயே கேளுங்கள். தீர்ப்போடு சேர்ந்து வர வேண்டிய உத்தரவு அது, வழக்கு முடிந்த பிறகு தனியாகக் கேட்கப் போனால் சிக்கல். நிரந்தர ஜீவனாம்சத்துக்கு 25-ஆம் பிரிவு, வழக்கு நடக்கும்போதே செலவுக்கு 24-ஆம் பிரிவு.

ஜீவனாம்சம் கேட்டால் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கணவனின் சொத்து எதுவும் தெரியாத பெண்ணுக்கு இது ஒரு நல்ல கதவு. அதில் மறைத்ததை நீங்கள் வாங்கி வைத்த வில்லங்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், தாலுகா அளவிலும் குழு இருக்கிறது. போன் எண் 15100. வன்முறை என்றால் 181.

10. சமரசமாக முடித்தால் ஒப்பந்தத்தை எழுதும் முறை

பரஸ்பர விவாகரத்துக்கு (இந்து திருமணச் சட்டம் 13பி) ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்குப் பின் 6 மாதம் காத்திருந்து இரண்டாவது மனுவைப் போட வேண்டும். சமரசம் முழுமையாக முடிந்திருந்தால் அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது 2017-இல் வந்த தீர்ப்பு.

நகையை ரூபாயில் எழுதாதீர்கள், பவுனில் எழுதுங்கள். “இத்தனை பவுன், தர இயலாவிட்டால் தரும் நாளின் சந்தை மதிப்பு” என்று இருக்க வேண்டும். தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும்போது இன்றைக்கு எழுதிய தொகை நாளைக்குப் பாதி நகைக்குக் கூடக் காணாது.

ஒப்பந்தத்தில் வருகிற ஒவ்வொரு நிலத்தையும் சர்வே எண், பரப்பு, நான்கெல்லையோடு மனுவின் சொத்து விவரத்திலேயே சேர்த்துவிடுங்கள். வழக்கில் சேராத சொத்தைப் பற்றிய சமரசத் தீர்ப்பைத் தனியாகப் பதிவு செய்தால்தான் செல்லும் (பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவு).

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. ஒருவர் பெயரில் உள்ளதை மற்றவருக்குக் கொடுக்க செட்டில்மென்ட், இருவர் பெயரில் உள்ளதில் ஒருவர் விலக விடுதலைப் பத்திரம். குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் கணவன் மனைவி இல்லை, அந்தச் சலுகையைக் கேட்க முடியாது, வெளியாளுக்குக் கொடுப்பதுபோல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்கு போய்விடும். ஆகவே பத்திரப்பதிவைத் தீர்ப்புக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

“எழுதிக் கொடுத்த பிறகு அவ சம்மதத்தை வாபஸ் வாங்கிட்டா?” என்று கணவர் பயப்படுவது நியாயம்தான். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம், செட்டில்மென்டையோ ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. அதனால் இரண்டாவது மனுவுக்கு நாள் குறித்த வாரத்தில் பத்திரத்தைப் பதிந்து, அதே வாரத்தில் இருவரும் நீதிமன்றத்தில் ஆஜராகும்படி வைத்தால் இரு பக்கமும் நிம்மதி. பணத்தை டிடியாக எடுத்து நீதிபதி முன்னிலையிலேயே கொடுங்கள், வாங்கியதைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

11. கடன்

வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் தீர்ப்பில் “கடனைக் கணவர் கட்டுவார்” என்று எழுதியிருந்தாலும் வங்கிக்கு அது கட்டுப்பாடு இல்லை. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்) விழும், நோட்டீஸ் உங்களுக்கும் வரும். கடனை அடைப்பதோ, வங்கியே எழுத்தில் உங்களை விடுவிப்பதோ நடந்த பிறகு இரண்டாவது மனுவில் கையெழுத்துப் போடுங்கள். மகளிர் குழுக் கடனை உங்கள் பெயரில் எடுத்துக் கணவரின் கடைக்குக் கொடுத்திருந்தால் அதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக ஏற்றுங்கள்.

12. தீர்ப்புக்கு முன்னும் பின்னும் மாற்ற வேண்டியவை

வழக்கு நடக்கும்போது ஒருவர் இறந்தால் மற்றவர் இன்னும் சட்டப்படி வாரிசுதான். தீர்ப்பு வந்தால் அந்த உரிமை போய்விடும், பிள்ளைகளின் உரிமை போகாது.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி, பி.எஃப்., எல்ஐசி எல்லாவற்றிலும் நாமினியை நீங்களே போய் மாற்ற வேண்டும், தீர்ப்பு வந்ததால் தானாக மாறாது. திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் (1874) கீழ் மனைவி பெயருக்கு எடுத்த பாலிசி மட்டும் வேறு வகை, அந்தப் பணம் அவளுடையது, கணவன் தன் விருப்பத்துக்குப் பெயரை மாற்ற முடியாது. கூட்டுக் கணக்கை முடித்துவிட்டு, லாக்கரை இருவரும் சேர்ந்து திறந்து உள்ளே இருந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.

செட்டில்மென்டோ விடுதலையோ பதிவானதும் பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்து அந்தச் சர்வே எண்ணுக்கு மறுபடியும் ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்கள் பத்திரம் அதில் ஏறியிருக்க வேண்டும், பரப்பும் உட்பிரிவு எண்ணும் சரியாக இருக்க வேண்டும். தப்பு இருந்தால் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்துத் தேவைப்படும், அவர் ஊரில் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.